செத்தும் கொடுத்தோர்க்குச் செய்யும் சிறப்பு

முன்னுரை

பிறர்க்காக உயிர் நீத்தோரை மறவாது போற்றுதல் தமிழர்தம் தொன்மரபு. ஊராரின் ஆநிரைப் பூசலில் வீழ்ந்துபட்ட வீரனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் பெயரும் பீடும் எழுதி, அதனை வழிபடு பொருளாகவே நம் முன்னோர் கொண்டனர். தொல்காப்பியர் புறத்திணையியலில் இவ்வழக்கத்தைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளாக வகுத்துக் காட்டுகிறார். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஊர் முழுவதும் கூடிச் செய்யும் கடனாக அது இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்தை அடுத்துள்ள தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பானுக்கு எடுக்கப்பட்டது. அதில் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தவன் பெயரை நாம் அறிகிறோம். அவனால் காக்கப்பட்டோரின் பெயர் ஒன்றையும் அறியோம்.

இன்று ஆநிரை காக்கும் வீரரின் இடத்தில் நிற்பவர் காவலர். 1959ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவற்படையினர் பதின்மர் உயிர் துறந்தனர். அதன் நினைவாக ஆண்டுதோறும் அந்நாள் காவலர் வீரவணக்க நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. 2018இல் அதே நாளில் தில்லியில் தேசியக் காவலர் நினைவகம் திறந்துவைக்கப்பட்டது. பணியில் வீழ்ந்தவர்க்கு மலர்வளையமும், தாழ்த்திய துப்பாக்கியும், ஊதுகொம்பின் ஓசையும் உரியன என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை.

அவ்வாறு வீழ்ந்த காவலர் ஒருவர், வீழ்ந்த பின்னும் பிறர்க்குப் பயன்படக்கூடும் என்றால் அவருக்கும் அவர்தம் குடும்பத்திற்கும் நாம் செய்யத்தக்கது யாது? திசுக் கொடை என்பது யாது? அதனைப் போற்றும் மரபு நம்மிடையே எவ்வாறு வளர்ந்து வருகிறது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறு மணி நேரம்

இப்பொருள் பற்றி நான் படிக்கத் தொடங்கியமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் காவல்துறையில் பணியாற்றிவந்தார். தைப்பூசக் காலத்தில் பழனி செல்லும் பாதயாத்திரைக் கூட்டத்திற்கு இரவுக் காவல் இருப்பது நம் மாவட்டக் காவலர்க்கு ஆண்டுதோறும் வரும் கடுமையான பணி. காவி உடையும் காவடியுமாக மக்கள் சாலையோரம் நடக்க, ஒளிரும் பட்டை அணிந்த காவலர் வாகனங்களை விலக்கிவிடுவர். அவ்வாறு நின்றிருந்த அவர்மீது பின்னிரவில் சரக்குந்து ஒன்று மோதியது. விடியுமுன் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. முருகனடியாரைக் காக்க நின்ற அம்மாணவர் ஓர் இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளை.

காலை ஆறு மணியளவில் அவருடைய தமையனார் எனக்குத் தொலைபேசியில் பேசினார். “சார், கண்ணைக் கொடுக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். உம்மா உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். நம் மார்க்கத்தில் கூடுமா சார்?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. “ஆலிம்சாவைக் கேட்டுச் சொல்கிறேன், பொறுங்கள்” என்றேன். நான் மதிக்கும் அவ்வாலிம் பெருந்தகை ஒரு நிக்காஹ் நிகழ்ச்சிக்காக வெளியூர் சென்றிருந்தார். அவருடைய கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. வேறொருவரைக் கேட்கலாம் என்னும் எண்ணம் அன்று எனக்குத் தோன்றவில்லை. பகல் பத்தரை மணி கடந்தபோது, இனிக் கேட்டும் பயனில்லை என்று தமையனாரே கூறினார். லுஹர் தொழுகைக்குப் பின் ஆலிம் அழைத்தார். செய்தியைக் கேட்டுச் சற்றுநேரம் அமைதியாக இருந்தவர், “கொடுத்திருக்கலாமே” என்றார்.

அன்று மாலை ஜனாஸாவின்போது காவல்துறை மரியாதை குறைவின்றி நடந்தது. துப்பாக்கிகள் வானோக்கி முழங்கின. நான் வரிசையில் நின்றிருந்தேன். அரசு தன் கடமையைச் செய்தது. அவ்விளைஞர் தம் கடமையைச் செய்திருந்தார். தன் கடமையைச் செய்யாதவன் அக்கூட்டத்தில் நான் ஒருவனே எனத் தோன்றியது. என்னிடம் கேட்கப்பட்ட வினாவிற்கு விடை நூல்களில் முன்னரே இருந்தது. நான் அவற்றைப் படித்திருக்கவில்லை.

உறுப்பும் திசுவும்

உறுப்புக் கொடை, திசுக் கொடை என்னும் இரண்டையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். இவற்றிடையே இன்றியமையாத வேறுபாடு ஒன்று உண்டு.

இதயம், கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் முதலியன உறுப்புகள். குருதியோட்டம் நின்றுவிட்டால் இவை சிறிது பொழுதிலேயே கெடும். எனவே மூளைச்சாவு அடைந்து, கருவிகளின் துணையால் இதயம் துடித்துக்கொண்டிருப்பவரிடமிருந்தே இவை பெரிதும் பெறப்படுகின்றன. மூளைச்சாவை ஒரு மருத்துவர் தனியே உறுதி செய்ய இயலாது. நால்வர் அடங்கிய மருத்துவக் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்தல் வேண்டும் என்பது நடைமுறை. தலையில் அடிபட்டுத் தீவிர மருத்துவப் பிரிவில் இருக்கும் சிலருக்கே இந்நிலை வாய்க்கும்.

கருவிழிப் படலம், தோல், எலும்பு, இதய அடைப்பிதழ், தசைநாண் முதலியன திசுக்கள். இவை குருதியோட்டம் நின்ற பின்னும் சில மணி நேரம் தகுதியோடிருக்கும். ஆதலின் சாலையில் இறந்தவரும், இல்லத்தில் இறந்தவரும், முதுமையில் இறந்தவரும் திசுக் கொடையாளர் ஆகலாம். உறுப்புக் கொடை சிலர்க்கே இயல்வது. திசுக் கொடை பலர்க்கும் இயல்வது. பணியிடத்திலேயே உயிர் துறக்கும் காவலர் உறுப்புகளைக் கொடுக்க இயலாமற் போகலாம். திசுக்களைக் கொடுக்க அவருக்கும் வாய்ப்புண்டு.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டைப் பின்னரே தெளிவாக ஏற்றது. 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோதுதான் ‘திசு’ என்னும் சொல் அதன் பெயரிலேயே இடம்பெற்றது. அதற்குரிய விதிகள் 2014இல் வெளிவந்தன.

கண்ணும் தோலும் எலும்பும்

திசு மாற்றத்தில் முதலில் வெற்றி கண்டது கருவிழி மாற்றமே. 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், இன்றைய செக் நாட்டின் ஓலோமூட்ஸ் நகரில் எட்வர்டு சிர்ம் என்னும் மருத்துவர் அதனைச் செய்தார். சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த கூலித் தொழிலாளி ஒருவருக்கு, காயத்தால் அகற்ற நேர்ந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து எடுத்த படலம் பொருத்தப்பட்டது. கருவிழிப் படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. அதனால் பிறர் திசு என்று உடல் அதனை விலக்குவது குறைவு. அக்காலத்திலேயே இது கைகூடியமைக்கு இதுவே காரணம்.

இத்துறையில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945இல் நாட்டின் முதற் கண் வங்கி தொடங்கப்பெற்றது. அங்குப் பணியாற்றிய டாக்டர் முத்தையா 1948இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றத்தைச் செய்தார். நமக்கு அண்மையில் உள்ள மதுரையில், டாக்டர் வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கண் வங்கி ஒன்றையும் நடத்தி வருகிறது.

கண் கொடையில் அறிந்திருக்க வேண்டுவன சிலவே. இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுத்தல் வேண்டும். அதற்கு ஏறத்தாழ இருபது நிமிடங்கள் போதும். எடுப்போர் இருக்குமிடத்திற்கே வருவர். முகம் சிதையாது. கண்ணாடி அணிந்தவர், புரை அறுவை செய்துகொண்டவர், நீரிழிவு உடையவர், வயது முதிர்ந்தவர் ஆகியோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சட்காமாலைக் கிருமிகளில் சில வகை, குருதி நஞ்சேற்றம், குருதிப் புற்று ஆகியவற்றால் இறந்தோரிடமிருந்து எடுப்பதில்லை. எடுப்போர் வரும்வரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்தலும், மின்விசிறியை நிறுத்துதலும், தலையைச் சற்றே உயர்த்தி வைத்தலும் வீட்டார் செய்ய வேண்டுவன. ஒருவரின் இரு கண்கள் இருவருக்கு ஒளி தரும்.

தோல் கொடை இன்னும் பரவலாக அறியப்படவில்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்றது போலவே தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். என் பாட்டனார் பேகம்பூர்ப் பகுதியில் ஒரு தோல்ஷாப்பில் கணக்கெழுதியவர். உரித்த தோலைச் சில மணி நேரத்திற்குள் உப்பிடாவிட்டால் அது கெட்டுவிடும் என்பதைச் சிறு வயதிலேயே அவரிடம் கேட்டிருக்கிறேன். மனித உடலை அதனோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. ஆயினும் காலம் தாழ்ந்தால் தோல் பயனற்றுப்போம் என்னும் உண்மை இவ்வூராருக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் குறித்தேன்.

மனிதத் தோலை முழுமையாக உரிப்பதில்லை. தொடை, முதுகு முதலிய மறைவிடங்களிலிருந்து மேலடுக்கு மட்டும் மெல்லிய தாள்போல் எடுக்கப்படும். குருதி வடியாது, கபனிட்டபின் எவ்வேறுபாடும் தெரியாது. அத்தோலைக் கிளிசரால் கரைசலில் இட்டுக் குளிர்நிலையில் நெடுங்காலம் பேணலாம். தீக்காயம் பட்டவரின் உடலில் அது என்றும் நிலைப்பதில்லை. சில வாரங்களில் உடல் அதனை விலக்கிவிடும். ஆயினும் அச்சில வாரங்களே உயிரைக் காப்பவை. உடலின் நீர் வடிந்துபோகாமலும், கிருமி புகாமலும், வலி குறையவும் அது போர்வையாக நிற்கும். அதற்குள் நோயாளியின் சொந்தத் தோல் வளர வழி பிறக்கும். மும்பை சயான் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டு இத்தகைய தோல் வங்கி தொடங்கப்பெற்றது.

எலும்பும் இவ்வாறே பயன்படுகிறது. புற்றுநோயால் எலும்பின் ஒரு பகுதியை இழந்த இளைஞர்க்குக் காலை வெட்டாமல் காக்கவும், முதுகெலும்பு அறுவையில் இடைவெளியை நிரப்பவும் கொடை எலும்பு உதவும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1988 முதல் திசு வங்கி நடத்துகிறது. அங்குத் திசுக்கள் கதிரியக்கத்தால் தூய்மை செய்யப்படுகின்றன.

இலக்கியம் காட்டும் வழி

கண்ணும் தசையும் எலும்பும் பிறர்க்கு உரியன என்னும் எண்ணம் நமக்கு மேலைநாட்டிலிருந்து வந்ததன்று. வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில், அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்குரியதாகக் கருதுவர் என்னும் கருத்தை வைத்தார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர், புறாவின் பொருட்டுத் துலாக்கோலில் ஏறிய சோழர் முன்னோன் செய்தியைச் சான்றாகச் சுட்டுகிறார். வச்சிரப் படைக்குத் தன் முதுகெலும்பை ஈந்த ததீசி முனிவர் கதை வடமொழிப் புராணங்களில் உண்டு. கண்ணுக்குக் கண் அப்பிய கண்ணப்பர் வரலாறு சேக்கிழாரால் பாடப்பெற்றது. எலும்பு, தசை, கண் என்னும் மூன்றும் இக்கதைகளில் தனித்தனியே வந்திருத்தல் நோக்கத்தக்கது.

ஆயினும் இறந்தபின் கொடுத்தல் என்னும் கருத்திற்கு மிக அணுக்கமானவர் நம் சீதக்காதி வள்ளலே ஆவார். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த இவ்வணிகப் பெருமகனார், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரைப் புரந்தவர். படிக்காசுப் புலவரால் பாடப்பெற்றவர். வள்ளல் மறைந்த செய்தியறியாது பரிசில் நாடி வந்த புலவர் அடக்கத்தலத்தில் நின்று புலம்ப, மண்ணிலிருந்து மோதிரம் அணிந்த விரல் வெளிப்பட்டுப் பரிசில் தந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழி இன்றும் வழக்கிலுள்ளது. கதை நிகழ்ந்ததா என ஆராய்வது நம் வேலையன்று. இறந்த பின்னும் கொடுப்பவனே வள்ளல்களுள் தலையாயவன் என்று தமிழ் மக்கள் ஓர் இஸ்லாமியப் பெரியாரை முன்னிறுத்திச் சொல்லிவைத்தனர் என்பதே பொருள். அன்று கற்பனையில் நீண்ட கை, இன்று மருத்துவத்தால் மெய்யாகவே நீளக்கூடும்.

மார்க்கத்தின் பார்வை

நம் சமுதாயத்தில் இதுகுறித்து ஐயம் மிகுதி. இறந்தவர் உடலுக்கும் உயிருள்ளார்க்குரிய கண்ணியம் உண்டு என்பதும், அதனைச் சிதைத்தல் ஆகாது என்பதும் இஸ்லாமிய மார்க்கத்தின் உறுதியான நெறி. உடல் இறைவன் தந்த அமானிதம். அதனைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை எனக் கூறும் அறிஞர்கள் உளர். அவர்கள் கருத்தை எள்ளுதல் முறையன்று.

மறுபுறம், இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பைச் சார்ந்த பன்னாட்டு ஃபிக்ஹ் அகாதமி 1988ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடி, சில நிபந்தனைகளோடு உறுப்புக் கொடையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. இறந்தவரோ அவர் வாரிசுகளோ இசைவளித்தல், உயிர்காக்கவோ உடலின் அடிப்படைப் பயன் ஒன்றை மீட்கவோ அது தேவைப்படுதல், உறுப்பு விலைபொருள் ஆகாதிருத்தல் ஆகியன அவற்றுள் தலையாயன. ஓர் உயிரை வாழவைத்தல் மனிதகுலத்தையே வாழவைத்தல் போன்றது என்னும் திருமறைக் கருத்தை இவ்வறிஞர்கள் முன்வைப்பர்.

இன்னும் ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. இலங்கையில் மருத்துவர் ஹட்சன் சில்வா 1961இல் கண் கொடைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தம் அன்னையார் மறைந்தபோது அவர் கண்களையே பார்வையிழந்த ஒருவருக்குப் பொருத்தியவர் அவர். அச்சங்கம் உலக நாடுகள் பலவற்றுக்கும் கண்களை அனுப்பிவருகிறது. பெரும் எண்ணிக்கையில் பெற்ற நாடுகளுள் பாகிஸ்தானும் ஒன்று. பௌத்தரின் கண்ணால் இஸ்லாமியர் திருமறை ஓதுகின்றனர். பெறுவது ஆகும் என்றால், கொடுப்பது எங்ஙனம் ஆகாதொழியும் என்று ஒருவர் கேட்டால் விடை கூறுதல் எளிதன்று.

2005ஆம் ஆண்டு பாலஸ்தீனத்தின் ஜெனின் நகரில் அகமது கத்தீப் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இஸ்ரேலிய வீரர்களால் சுடப்பட்டு இறந்தான். அவன் தந்தை இஸ்மாயில் கத்தீப் மகனின் உறுப்புகளைக் கொடுக்க இசைந்தார். பெற்றவர்கள் இஸ்ரேலியர், யூதர், துரூஸ், அரபியர் என மூவகையினரும் அவருள் இருந்தனர். இதனினும் கடினமான கொடை ஒன்றை நான் கேள்வியுற்றதில்லை.

விரைந்து அடக்கம் செய்தல் நம் நெறி. கண் எடுக்க ஆகும் இருபது நிமிடம் அதற்குத் தடையாகாது. குளிப்பாட்டுவதற்கு முன்னரே அது முடிந்துவிடும். இறுதி முடிவு அவரவர் மனச்சான்றையும், அவரவர் நம்பும் ஆலிமின் விளக்கத்தையும் பொறுத்தது. ஆனால் அவ்விளக்கத்தைக் கேட்கும் நாள் இறப்பு நிகழ்ந்த நாளாக இருத்தலாகாது.

காவலர் கையில் உள்ள மூன்று

காவலர் கொடையாளர் ஆகலாம் என்பதோடு பொருள் முடிந்துவிடவில்லை. விபத்தில் இறந்த எவர் கொடையிலும் காவலர் கைக்கு மூன்று பணிகள் உள்ளன.

முதலாவது, இசைவு. விபத்திலோ வன்முறையிலோ இறந்தவர் உடல் பிணக்கூறாய்வுக்கு உட்பட்டது. அத்தகைய உடலிலிருந்து உறுப்போ திசுவோ எடுப்பதற்கு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு வழி வகுக்கிறது. ஆராய்வுக்குத் தேவையான உறுப்பன்று என்று உறுதி செய்தல் வேண்டும். இதில் விசாரணை அதிகாரியின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. ஒரு காவல் நிலையத்தில் தாளொன்று அரைமணி தாமதித்தால் ஒருவரின் பார்வை தாமதிக்கும், சில வேளைகளில் இல்லாமலே போகும். இக்கொடையின் பயன் அறிந்த காவலர் அத்தாளை முதலில் எடுப்பார்.

இரண்டாவது, வழி. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகன், புஷ்பாஞ்சலி ஆகியோரின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து. பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தனர். சென்னைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போக்குவரத்துக் காவலர்கள் சாலையை வெறுமையாக்கி நிறுத்த, அவனுடைய இதயம் 11 நிமிடங்களில் சென்றடைந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. நெரிசல் மிக்க நகரில் அது பலராலும் இயலாதெனக் கருதப்பட்ட ஒன்று. தமிழகத்தில் உறுப்புக் கொடை பற்றிய எண்ணத்தையே அந்நிகழ்ச்சி மாற்றியது. பெற்றோரின் பெருந்தன்மையை நாம் அறிவோம். சந்திப்புதோறும் கையுயர்த்தி நின்ற காவலரையும் நினைத்தல் தகும்.

மூன்றாவது, வணக்கம். இதனைத் தனியே நோக்குவோம்.

சிறப்புச் செய்தல்

தமிழகத்தில் செப்டம்பர் 23 உறுப்புக் கொடை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டு அந்நாளில், உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதன் பின்னர் சில நாள்களிலேயே, விபத்தில் மூளைச்சாவு அடைந்த வருவாய்த் துறை ஊழியர் ஒருவர்க்கு அச்சிறப்பு முதன்முதலாகச் செய்யப்பட்டது. அவர் ஊர் தேனி மாவட்டம் சின்னமனூர். அமைச்சர் மா. சுப்பிரமணியன் நேரிற் சென்று மலர்வளையம் வைத்தார். புலிமான்கோம்பைக் கல் கண்டறியப்பட்ட அதே மாவட்டத்தில் இப்புதுமரபு தொடங்கியது தற்செயலே எனினும் தகுதியுடையதே.

அயல்நாடுகளிலும் இத்தகைய மரபுகள் உருவாகியுள்ளன. அமெரிக்காவில் பாசடினா நகரப் புத்தாண்டு மலர் அணிவகுப்பில் 2004 முதல் கொடையாளர்க்கென ஓர் ஊர்தி செல்கிறது. விதையும் இதழும் கொண்டு அமைத்த கொடையாளர் முகங்கள் அதில் இடம்பெறும். படத்தின் இறுதிப் பகுதியை, பெரும்பாலும் புருவத்தை, குடும்பத்தாரே கைப்பட நிறைவு செய்வர்.

இச்சிறப்புகளால் இறந்தவர்க்கு என்ன பயன் என்று வினவுவோர் உளர். இறந்தவர்க்குப் பயனில்லை என்பது உண்மையே. பயன் இருவர்க்கு. ஒருவர் கொடுத்த குடும்பத்தார். “பிள்ளையின் கண்ணைப் பிடுங்கக் கொடுத்தார்களாம்” என்று ஊரார் முணுமுணுக்கும் இடத்தில், மாவட்ட ஆட்சியர் வந்து தலை தாழ்த்துவது அத்தாயின் தலையை நிமிர்த்தும். மற்றவர் நாளை இதே வினாவை எதிர்கொள்ளப் போகும் முன்பின் அறியாத குடும்பத்தார். நடுகல்லும் இதனையே செய்தது. கல் மாண்டவனுக்காக நடப்பட்டது எனினும், அதனைக் கண்டு வளர்ந்தவர் உயிரோடிருந்த சிறுவரே.

இங்கே ஒரு வேண்டுகோள் உண்டு. அரசின் அறிவிப்பு உறுப்புக் கொடையை முதன்மையாகக் கொண்டது. கண்ணையோ தோலையோ மட்டும் கொடுப்பவர் மிகப் பெரும்பாலும் அமைதியாகவே செல்கின்றனர். எல்லாருக்கும் துப்பாக்கி முழக்கம் இயலாது, வேண்டுவதும் இல்லை. ஆனால் ஊராட்சியின் சார்பில் ஒரு மாலையும், பள்ளிவாசலிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ ஒரு சொல்லும், பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பெயரும் இயலும். பணியில் வீழ்ந்த காவலர் திசுக் கொடையாளரும் ஆவாராயின், அக்டோபர் 21இல் அவர் பெயரைப் படிக்கும்போது, இவரால் இருவர் காண்கின்றனர் என்னும் ஒரு தொடரைச் சேர்த்துப் படித்தல் இயலும். அத்தொடருக்குச் செலவு ஒன்றுமில்லை.

முடிவுரை

திண்டுக்கல்லைச் சுற்றி நான்குபுறமும் நெடுஞ்சாலைகள் விரிகின்றன. மதுரைக்கும் கரூருக்கும் திருச்சிக்கும் பழனிக்கும் விரையும் வண்டிகளுக்கிடையே ஒவ்வோர் இரவும் காவலர் நிற்கின்றனர். நம் மாணவருள் பலர் அப்பணிக்குச் செல்கின்றனர், இனியும் செல்வர். எவரும் வீழாதிருக்க வேண்டும் என்பதே நம் துஆ. ஆனால் மரணம் எவரிடமும் இசைவு கேட்டு வருவதில்லை. இசைவு கேட்பது கண் வங்கியே. அதற்குரிய விடையை இன்றே ஆயத்தம் செய்தல் அறிவுடைமை.

எனவே மாணவச் செல்வங்கள் மூன்று செய்தல் வேண்டும். தாம் நம்பும் மார்க்க அறிஞரிடம் இவ்வினாவை நலமாயிருக்கும் நாளில் கேட்டுத் தெளிதல். தெளிந்ததை வீட்டாரிடம், சிறப்பாகத் தாயிடம், வாய்விட்டுச் சொல்லுதல். அருகிலுள்ள கண் வங்கியின் தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல். உறுதிமொழி அட்டை பணப்பையில் இருந்தும், வீட்டார் அறியாவிடில் பயன் குறைவு. இறுதியில் கேட்கப்படுபவர் அவர்களே.

நான் என் இல்லத்தாரிடம் சொல்லிவிட்டேன். என் துணைவியார் முதலில் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, “என்னுடையதையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

மறைந்த என் மாணவரின் அன்னையாரை ஆண்டுக்கொருமுறை சென்று கண்டுவருகிறேன். அன்று நான் விடை சொல்லத் தவறியதை அவர் ஒருநாளும் குறித்துப் பேசியதில்லை. சென்ற முறை சென்றபோது, அவர் தெருவில் ஒரு முதியவர் மறைந்ததையும், அவ்வீட்டார் தயங்கி நின்றதையும், தாமே சென்று பேசிக் கண்களைக் கொடுக்கச் செய்ததையும் கூறினார். “என் மகனுக்குத்தான் நேரம் போய்விட்டது” என்றார். அவர் செய்ததையே நாமும் செய்வோமாக.